ஜொகூரிலேயே இருப்பதா, தினமும் கடற்பாலம் தாண்டுவதா, சிங்கப்பூரிலேயே தங்குவதா?

ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல் கிடைக்கிற காலம் இது. 1973 வரை இரண்டு நாணயங்களும் ஒன்றுக்கு ஒன்றாக மாறின என்று சொன்னால் இன்றைய இளைஞர்கள் நம்புவதில்லை. ஜொகூர் பாருவிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் ஸ்கூடாய், மாசாய், பாசிர் கூடாங் என எங்கே கேட்டாலும், வீட்டில் ஒருவராவது சிங்கப்பூர் வேலையைப் பற்றி யோசித்துக்கொண்டிருப்பார். வாசகர்கள் திரும்பத் திரும்பக் கேட்பதும் ஒரே கேள்விதான்: “இங்கே 3,500 ரிங்கிட். அங்கே 2,400 வெள்ளி தருகிறார்கள். போகலாமா?”

2,400-ஐ 3.20-ஆல் பெருக்கி, 7,680 ரிங்கிட் என்று பார்த்து முடிவெடுப்பவர்கள்தான் பின்னால் அதிகம் சிரமப்படுகிறார்கள். சம்பளத்தைச் சம்பளத்தோடு ஒப்பிடுவது போதாது. எந்த அனுமதியில் போகிறீர்கள், எங்கே தூங்குகிறீர்கள், ஓய்வுக்காலத்துக்கு யார் சேர்க்கிறார்கள் என்ற மூன்றும் சேர்ந்துதான் கணக்கு. (இக்கட்டுரையில் ‘வெள்ளி’ என்றால் சிங்கப்பூர் வெள்ளி. விதிகளும் தொகைகளும் 2025-ஆம் ஆண்டுக்குரியவை.)

எதை வைத்து எடைபோடுவது

முதலாவது, மாதக் கடைசியில் கையில் நிற்கும் தொகை. இரண்டாவது, ஓய்வுக்காலச் சேமிப்பு. இதைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். மூன்றாவது, தினமும் சாலையில் கரையும் மணிநேரம். நான்காவது, விபத்தோ நோயோ வந்தால் யார் பணம் கட்டுவார்கள் என்பது. ஐந்தாவது, வேலை போனால் எத்தனை நாள் தாக்குப்பிடிக்க முடியும் என்பது. பிள்ளைகள் இருந்தால் ஆறாவதாக அவர்களின் பள்ளி. இது மற்ற ஐந்தையும் தூக்கிச் சாப்பிட்டுவிடும்.

சேமநிதி என்ற மறைந்த சம்பளம்

மலேசியாவில் 3,500 ரிங்கிட் சம்பளம் என்றால், ஊழியர் சேமநிதிக்கு உங்கள் பங்கு 11 விழுக்காடு, அதாவது 385 ரிங்கிட். மாதச் சம்பளம் 5,000 ரிங்கிட்டுக்கு உட்பட்டிருந்தால் முதலாளியின் பங்கு 13 விழுக்காடு, அதாவது 455 ரிங்கிட். ஆக மாதம் 840 ரிங்கிட் உங்கள் பெயரில் சேர்கிறது. 2024-க்குச் சேமநிதி தந்த லாப ஈவு 6.3 விழுக்காடு.

சிங்கப்பூரில் வொர்க் பெர்மிட் (சாதாரணத் தொழிலாளருக்கு), எஸ் பாஸ் (இடைநிலைத் திறனாளருக்கு), இ.பி. (எம்ப்ளாய்மென்ட் பாஸ், நிபுணருக்கு) ஆகிய மூன்று வேலை அனுமதிகளில் எதில் இருந்தாலும் உங்களுக்கு மத்திய சேமநிதி கிடையாது. அது குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டும். அப்படியானால் இருபத்தைந்து வயதில் போய் நாற்பது வயதில் திரும்புகிறவருக்கு, பதினைந்து ஆண்டுகள் இரண்டு நாட்டிலும் ஒரு காசு சேராமல் போகலாம். தப்பிக்க வழி இருக்கிறது: மலேசியச் சேமநிதியில் ஆண்டுக்கு 1,00,000 ரிங்கிட் வரை நாமே தன்விருப்பமாகக் கட்டலாம். சம்பளம் வரும் நாளிலேயே தானாகக் கழியும்படி வங்கியில் ஏற்பாடு செய்தால்தான் இது நடக்கும். மீதமிருந்தால் கட்டுவோம் என்று விட்டால் மீதமே இருக்காது.

ஆகவே கீழே வரும் எல்லாக் கணக்கிலும் அந்த 840 ரிங்கிட்டைத் தனியே எடுத்து வைத்துவிட்டே ஒப்பிட்டிருக்கிறோம். ஜொகூர் வீட்டுச் செலவு எல்லா வழியிலும் ஒன்றே என்று கொண்டு, வேலைக்காக ஆகும் செலவை மட்டும் கழித்திருக்கிறோம். இவை மாதிரித் தொகைகள். உங்கள் செலவை அந்தந்த இடத்தில் போட்டுப் பாருங்கள்.

| | ஜொகூரில் 3,500 ரிங்கிட் | தினமும் மோட்டார் சைக்கிளில், 2,400 வெள்ளி | தனி அறை, 2,400 வெள்ளி | பகிர்ந்த அறை, 2,400 வெள்ளி |
|---|---|---|---|---|
| கட்டாயப் பிடித்தம், வரி | 410 ரிங்கிட் | 13 வெள்ளி | 13 வெள்ளி | 13 வெள்ளி |
| அறை வாடகை | இல்லை | இல்லை | 900 வெள்ளி | 450 வெள்ளி |
| சாப்பாடு, போக்குவரத்து, போன் | 500 ரிங்கிட் | 388 வெள்ளி | 640 வெள்ளி | 640 வெள்ளி |
| மிச்சம் (ரிங்கிட்டில்) | 2,590 | சுமார் 6,400 | சுமார் 2,710 | சுமார் 4,150 |
| 840 ரிங்கிட் சேமநிதிக்குப் போனபின் | 2,590 (ஏற்கெனவே போய்விட்டது) | சுமார் 5,560 | சுமார் 1,870 | சுமார் 3,310 |

தனி அறை எடுத்தவரின் கடைசி வரியைப் பாருங்கள். சிங்கப்பூரில் வேலை பார்த்தும் ஜொகூரில் இருப்பவரைவிடக் குறைவாகவே அவர் கையில் நிற்கிறது. இதைப் போவதற்கு முன் யாரும் சொல்வதில்லை.

ஜொகூரிலேயே இருப்பது

சம்பளம் குறைவு, ஆனால் சம்பளத்தோடு ஒட்டிக்கொண்டு வருபவை அதிகம். சேமநிதியைச் சொன்னோம். சொக்சோ என்ற தொழிலாளர் சமூகப் பாதுகாப்புக் காப்புறுதி இருக்கிறது. வேலைக்குப் போகும் வழியிலும் வரும் வழியிலும் நடக்கும் விபத்துக்குக்கூட அது பொறுப்பேற்கும். அரசு மருத்துவமனையில் சாதாரணச் சிகிச்சைக்கு 1 ரிங்கிட், நிபுணரைப் பார்க்க 5 ரிங்கிட். கூட்டம் அதிகம்தான். ஆனாலும் நீரிழிவு, சிறுநீரகம் என்று நீண்டகால நோய் உள்ள பெற்றோரைப் பார்த்துக்கொள்ளும் குடும்பத்துக்கு இதன் மதிப்பு பெரிது.

மறைந்த செலவும் உண்டு: வளர்ச்சி. ஒரே சம்பளப் படியில் ஐந்தாறு ஆண்டுகள் நின்றுவிடும் ஆபத்து. 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட் ஆனது கீழ்ப்படியில் உள்ளவர்களுக்கு உதவியது. நடுப்படியில் இருப்பவருக்கு அதனால் பெரிதாக எதுவும் மாறவில்லை. 2025 ஜனவரியில் கையெழுத்தான ஜொகூர்–சிங்கப்பூர் சிறப்புப் பொருளியல் மண்டலமும், ஸ்கூடாய் முதல் கூலாய் வரை எழும் தரவு மையங்களும் மின்சாரம், குளிரூட்டல், பராமரிப்புத் துறை ஆட்களுக்கு உள்ளூரிலேயே தேவையைக் கூட்டுகின்றன. இந்தத் தொழிற்கல்வி உள்ளவர்கள் அக்கரைக்கு ஓடுவதற்கு முன் உள்ளூரில் இரண்டு மூன்று நேர்காணலாவது பார்த்துவிட வேண்டும்.

இன்னொன்று, கூடுதல் நேர வேலை. மாதம் 4,000 ரிங்கிட்டுக்கு உட்பட்டுச் சம்பாதிப்பவருக்குச் சட்டப்படி ஒன்றரை மடங்கு ஊதியம் உண்டு. 3,500 ரிங்கிட்காரருக்கு அது மணிக்கு ஏறத்தாழ 25 ரிங்கிட். இந்த எண் கீழே மறுபடியும் தேவைப்படும்.

இவ்வழி யாருக்கு: பெற்றோரைக் கவனிக்கும் பொறுப்பு உள்ளவர்கள், பிள்ளை தமிழ்ப்பள்ளியில் நன்றாகப் படித்துக்கொண்டிருக்கும் குடும்பங்கள், சிங்கப்பூரில் கிடைக்கும் சம்பளம் 2,000 வெள்ளியைத் தாண்டாதவர்கள்.

தினமும் போய் வருவது

பணக் கணக்கில் இதற்கு ஈடில்லை. அங்கே சம்பாத்தியம், இங்கே வாழ்க்கை. நாளொன்றுக்கு மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் கடற்பாலத்தைக் கடப்பது இதனால்தான். ஆனால் விலையை உடம்பு கொடுக்கிறது.

கடற்பாலத்தின் நீளம் ஒரு கிலோமீட்டர்தான். ஜொகூர் பக்கம் சுல்தான் இஸ்கண்டார் கட்டடத்தில் ஒரு வரிசை, சிங்கப்பூர் பக்கம் உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் இன்னொரு வரிசை. காலை ஷிப்டுக்கு நாலரைக்கெல்லாம் வீட்டை விட்டுக் கிளம்பினால் ஒரு மணிநேரத்தில் கடக்கலாம். ஆறு மணிக்குக் கிளம்பினால் இரண்டு மணிநேரம் ஆகும். வெள்ளி மாலையும் நீண்ட விடுமுறைக்கு முந்திய நாளும் அதற்கும் மேல். துவாஸ், ஜூரோங் பக்கம் வேலை என்றால் இரண்டாவது பாலம் வசதி, ஆனால் கேலாங் பாத்தா பக்கம் வீடு இருந்தால்தான்.

மோட்டார் சைக்கிளில் போனால் சிங்கப்பூர் நாளுக்கு 4 வெள்ளி வாகன நுழைவுக் கட்டணம் வாங்குகிறது. மாதம் 22 நாளுக்கு 88 வெள்ளி. காருக்கு நாளுக்கு 35 வெள்ளி. ஆண்டுக்குப் பத்து நாள் இலவசம் போக மீதி எல்லா வேலை நாளும் இதைக் கட்ட வேண்டும். தனி ஆளாகக் காரில் தினமும் போவது 2,400 வெள்ளிச் சம்பளத்துக்குக் கட்டுப்படியாகாது. பேக்டரி பஸ் தரும் வேலை கிடைத்தால் சம்பளம் 100 வெள்ளி குறைந்தாலும் அதையே எடுங்கள். வண்டியில் தூங்கலாம், விபத்து ஆபத்தும் குறைவு.

விபத்து என்ற இடத்தில்தான் பெரிய ஓட்டை இருக்கிறது. சிங்கப்பூர் வேலைக்காய இழப்பீட்டுச் சட்டம் வேலையிடத்தில் நடப்பதற்குப் பொறுப்பேற்கும். முதலாளி ஏற்பாடு செய்த வண்டியில் வரும்போது நடப்பதற்கும் பொறுப்பேற்கும். உங்கள் சொந்த மோட்டார் சைக்கிளில் போகும்போது நடந்தால் பொதுவாகக் கிடையாது. சிங்கப்பூர் வேலை என்பதால் சொக்சோவும் இல்லை. மழையில், இருட்டில், தூக்கக் கலக்கத்தில் தினம் இரண்டு முறை ஓட்டுகிறவருக்குத்தான் இந்த இடைவெளி. தனிநபர் விபத்துக் காப்புறுதியைச் சொந்தமாக எடுக்காமல் இந்த வழியில் இறங்கவே கூடாது. எடுக்கும்போது மோட்டார் சைக்கிள் ஓட்டுவதற்கும் சிங்கப்பூரில் நடப்பதற்கும் பொருந்துமா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இனி அந்த 25 ரிங்கிட்டுக்கு வருவோம். உள்ளூர் வேலையைவிட நாளுக்கு மூன்று மணிநேரம் கூடுதலாகச் சாலையில் போகிறது என்றால் மாதம் 66 மணிநேரம். 2,400 வெள்ளிச் சம்பளத்தில் மாதம் கூடுதலாக நிற்பது 5,560-க்கும் 2,590-க்கும் உள்ள வித்தியாசம், சுமார் 2,970 ரிங்கிட். மணிக்கு 45 ரிங்கிட் ஆகிறது; தாராளமாகப் போகலாம். அதே வேலைக்கு 1,800 வெள்ளிதான் தருகிறார்கள் என்று வையுங்கள். வித்தியாசம் 1,085 ரிங்கிட்டாகச் சுருங்குகிறது, மணிக்கு 16 ரிங்கிட். ஜொகூரிலேயே அந்த 66 மணிநேரம் கூடுதல் வேலை செய்தால் 1,660 ரிங்கிட் கிடைக்கும். 3,500 ரிங்கிட் சம்பளக்காரருக்கு 2,000 வெள்ளிதான் எல்லைக்கோடு என்று சொன்னதன் காரணம் இதுவே.

நாணய மாற்றும் ஒரே இடத்தில் நிற்பதில்லை. 2024 தொடக்கத்தில் ஒரு வெள்ளி 3.50 ரிங்கிட்டைத் தாண்டியது, பிறகு இறங்கியது. 2,000 வெள்ளி வீட்டுக்குக் கொண்டுவருபவருக்கு 10 சென் இறங்கினால் மாதம் 200 ரிங்கிட் குறையும். 3.50 இருந்தபோது வாங்கிய வீட்டுக் கடன் தவணை மட்டும் குறையாது.

புக்கிட் சாகாரையும் உட்லண்ட்ஸ் நார்த்தையும் இணைக்கும் நான்கு கிலோமீட்டர் ஆர்.டி.எஸ். ரயில் 2026 இறுதியிலோ 2027 தொடக்கத்திலோ ஓடும் என்று திட்டமிட்டிருக்கிறார்கள். பயணம் ஐந்து நிமிடம், மணிக்கு ஒரு திசையில் 10,000 பேர், இரு நாட்டுக் குடிநுழைவுச் சோதனையும் ஏறும் இடத்திலேயே முடிந்துவிடும். ரயில் நிலையத்துக்கு அருகில் வீடும், சிங்கப்பூர் எம்.ஆர்.டி. தடத்தில் வேலையும் இருப்பவருக்கு இது வாழ்க்கையையே மாற்றும். மாசாயிலிருந்து துவாஸுக்குப் போகிறவருக்குப் பெரிதாக உதவாது.

கடைசியாக, 2020 மார்ச் 18-ஐ மறக்கக் கூடாது. ஒரே இரவில் எல்லை மூடியது. தரைவழி முழுமையாகத் திறந்தது 2022 ஏப்ரல் 1-இல். தினமும் போய் வந்தவர்கள் வேலையா குடும்பமா என்று சில மணிநேரத்தில் முடிவு செய்ய வேண்டியதாயிற்று. ஆறு மாத வீட்டுச் செலவு கையில் இருப்பது இந்த வழியில் கட்டாயம்.

இவ்வழி யாருக்கு: 2,000 வெள்ளிக்கு மேல் சம்பளம், நாற்பதுக்கு உட்பட்ட வயது, பாலத்துக்குப் பக்கத்தில் வீடு, கடனை அடைக்கவோ முன்பணம் சேர்க்கவோ ஒரு தெளிவான தொகை. நான்கைந்து ஆண்டுகளுக்கு என்று கணக்குப் போட்டு இறங்குவது நல்லது. பிள்ளைகள் தூங்கும்போது கிளம்பி அவர்கள் தூங்கியபின் திரும்பும் வாழ்க்கை அதற்குமேல் நீண்டால் குடும்பம் தாங்குவது கடினம். 2025 ஜனவரியிலிருந்து ஜொகூரின் வார விடுமுறை சனி, ஞாயிறுக்கு மாறியதால் வாரத்தில் இரண்டு நாளாவது பிள்ளைகளோடு ஒன்றாகக் கிடைக்கிறது.

அறை எடுத்துத் தங்குவது

தூக்கம் கிடைக்கும், ஓவர்டைம் பார்க்கலாம், ஷிப்டு மாறினாலும் கவலையில்லை. ஆனால் வீவக (சிங்கப்பூரின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீட்டில் தனி அறை 800 முதல் 1,200 வெள்ளி வரை. அட்டவணையில் கண்டபடி, 2,400 வெள்ளிக்காரர் தனி அறைக்கு ஆசைப்பட்டால் கணக்கு விழுந்துவிடும். இரண்டு பேர் பகிர்ந்தாலோ முதலாளி தங்குமிடம் கொடுத்தாலோதான் பொருந்தும். தனி அறை நியாயமாவது 3,000 வெள்ளியைத் தாண்டிய சம்பளத்தில்.

மலேசியர்களுக்கு இங்கே ஒரு வசதி உண்டு. வெளிநாட்டினருக்கான வட்டார ஒதுக்கீட்டு வரம்பு மலேசியர்களுக்குப் பொருந்தாது. உற்பத்தி, கட்டுமானத் துறைகளில் வொர்க் பெர்மிட் வைத்திருந்தாலும் மலேசியராக இருந்தால் வீவக வீட்டில் வாடகைக்கு இருக்கலாம். ஆனால் வீட்டுக்காரர் உங்கள் பெயரை வீவகவில் பதிய வேண்டும். குறைந்தது ஆறு மாத ஒப்பந்தம் வேண்டும். பதியாமல், ரசீதில்லாமல் தங்கவைப்பவரிடம் முன்பணம் கொடுத்தால், சோதனை வரும் நாளில் வெளியேறுவது நீங்கள்தான்.

இவ்வழி யாருக்கு: திருமணமாகாதவர்கள், இரவு ஷிப்டுக்காரர்கள், பேராக்கிலிருந்தோ கெடாவிலிருந்தோ வருபவர்கள். ஜொகூரில் வீடில்லாத ஒருவர் தினமும் போய் வருவதற்காக அங்கே வாடகை வீடு எடுப்பதைவிட, பகிர்ந்த அறையே மேல்.

குடும்பத்தோடு போய்விடுவது

இதற்கு ஆசை மட்டும் போதாது. வொர்க் பெர்மிட்டில் குடும்பத்தை அழைத்துப் போக முடியாது. எஸ் பாஸ், இ.பி. வைத்திருப்பவரும் மாதம் 6,000 வெள்ளி வாங்கினால்தான் துணைவருக்கும் பிள்ளைகளுக்கும் சார்ந்திருப்போர் அனுமதி கேட்கலாம். பெற்றோரை அழைக்க 12,000 வெள்ளி.

அனுமதியே ஏறிக்கொண்டு போகும் படிக்கட்டு. 2025 செப்டம்பர் முதல் புதிய எஸ் பாஸுக்குக் குறைந்தபட்சச் சம்பளம் 3,300 வெள்ளி, 2025 ஜனவரி முதல் இ.பி.க்கு 5,600 வெள்ளி. நிதித்துறையில் இன்னும் அதிகம், வயது கூடக் கூட இன்னும் அதிகம். இந்த வரம்பு சில ஆண்டுகளுக்கு ஒருமுறை உயரும். புதுப்பிக்கும்போது முதலாளி உங்கள் சம்பளத்தை அதற்கேற்ப உயர்த்தாவிட்டால் அனுமதி முடிந்தது. இ.பி.க்குப் புள்ளி முறையும் உண்டு. நிறுவனத்தின் நிபுணர் பணியாளர்களில் கால்பங்கோ அதற்கு மேலோ மலேசியராக இருந்தால், நாட்டுப் பன்முகத்தன்மை என்ற கூற்றில் உங்களுக்குச் சுழியம். ‘நம்ம ஆட்கள் நிறைய இருக்கிற கம்பெனி’ என்பது இந்த ஒரு விஷயத்தில் பாதகம்.

பள்ளி. மலேசியத் தமிழ்ப்பள்ளியில் கணிதமும் அறிவியலும் தமிழில் படிக்கிறார்கள். சிங்கப்பூரில் தமிழ் ஒரு பாடம் மட்டுமே. மற்ற எல்லாம் ஆங்கிலத்தில். நிரந்தரவாசம் இல்லாத பிள்ளை அரசுப் பள்ளியில் இடையில் சேர ஏ.இ.ஐ.எஸ். தேர்வு எழுத வேண்டும். அதில் ஆங்கிலமும் கணிதமும். நான்காம் ஆண்டில் இருக்கும் கெட்டிக்காரப் பிள்ளைகூட ஆங்கிலத்தில் தடுக்கி ஒரு வகுப்பு பின்தங்குவது உண்டு. தேறினாலும் இடம் உறுதியில்லை. மாதக் கட்டணமும் குடிமக்கள் கட்டுவதைவிடப் பல மடங்கு. போவதென்றால் முதலாம் வகுப்புக்கு முன் போங்கள், அல்லது ஒரு வருடம் ஆங்கிலத்துக்குத் தனியாகத் தயார்செய்துவிட்டுப் போங்கள்.

நிரந்தரவாசம் கிடைத்தால் கணக்கே மாறும். மத்திய சேமநிதி தொடங்கும். முதல் ஆண்டு உங்கள் பங்கு 5, முதலாளி பங்கு 4 விழுக்காடு. இரண்டாம் ஆண்டு 15, 9. மூன்றாம் ஆண்டிலிருந்து 55 வயதுவரை 20, 17. கையில் வருவது குறையும் என்பதை முன்கூட்டியே திட்டமிடுங்கள். மூன்று ஆண்டுகள் கழித்துக் குடும்பமாக மறுவிற்பனை வீவக வீடு வாங்கலாம். ஆனால் மலேசியாவில் உங்கள் பெயரில் வீடு இருந்தால், வாங்கிய ஆறு மாதத்துக்குள் அதை விற்றாக வேண்டும். நிரந்தரவாசி மலேசியப் பதிவு எண் கொண்ட வாகனத்தைச் சிங்கப்பூரில் ஓட்டவும் கூடாது.

மகன் இருந்தால் இன்னும் ஆழமாக யோசிக்க வேண்டும். பெற்றோர் வழியாக நிரந்தரவாசம் பெறும் மகன் இரண்டு ஆண்டு தேசிய சேவை செய்தாக வேண்டும். செய்யாமல் நிரந்தரவாசத்தைக் கைவிட்டால், பின்னாளில் அவன் சிங்கப்பூரில் படிக்கவோ வேலை செய்யவோ விண்ணப்பிக்கும்போது அது எதிராக நிற்கும். பையன் ஐந்து வயதில் இருக்கும்போது பெற்றோர் போடும் கையெழுத்து இது. குடியுரிமை என்றால் இரண்டு நாடுகளும் இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. மலேசியக் குடியுரிமையைத் துறந்தபின் திரும்பப் பெறுவது மிகக் கடினம். சிங்கப்பூரில் பிறந்தாலும், பெற்றோரில் ஒருவராவது சிங்கப்பூர் குடிமகனாக இல்லாத குழந்தைக்கு அந்நாட்டுக் குடியுரிமை தானாக வராது. பிறந்த ஓராண்டுக்குள் மலேசியத் தூதரகத்தில் பதிந்துவிடுங்கள்.

இவ்வழி யாருக்கு: கணவன் மனைவி இருவருக்கும் சிங்கப்பூரில் வேலை கிடைக்கக்கூடிய தகுதி, ஒருவருக்காவது 6,000 வெள்ளிக்கு மேல் சம்பளம், பிள்ளைகள் சிறியவர்கள். ஒரே சம்பளத்தில் முழு வீட்டு வாடகை கட்டும் குடும்பம், ஜொகூரில் இருந்த வசதியைக்கூட இழக்கிறது.

கையெழுத்திடுவதற்கு முன்

அனுமதிக்கான கொள்கையளவு ஒப்புதல் கடிதம் கைக்கு வரும்வரை உள்ளூர் வேலையை விடாதீர்கள். அந்தக் கடிதத்தில் உள்ள அடிப்படைச் சம்பளம், பிடித்தம், வேலையின் பெயர் ஆகியவை உங்களிடம் வாய்மொழியாகச் சொன்னதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். வெளிநாட்டு ஊழியருக்காக முதலாளி அரசுக்குக் கட்ட வேண்டிய லெவி என்ற தீர்வையை உங்கள் சம்பளத்தில் கழிப்பது சட்டவிரோதம். ஏஜண்டு உங்களிடம் வாங்கக்கூடியது ஒப்பந்தத்தின் ஓர் ஆண்டுக்கு ஒரு மாதச் சம்பளம். அதிகபட்சம் இரண்டு மாதச் சம்பளம். உரிம எண்ணை மனிதவள அமைச்சின் இணையத்தளத்தில் சரிபார்க்கலாம். ‘முதலில் வந்து வேலையைத் தொடங்கு, பெர்மிட் பிறகு வரும்’ என்பவரை நம்பிப் போகாதீர்கள். அனுமதியின்றி வேலை செய்தால் 20,000 வெள்ளி வரை அபராதமோ இரண்டு ஆண்டு வரை சிறையோ இரண்டுமோ விழும்.

வேலையை விடும்போது, வரிக் கணக்குத் தீரும்வரை முதலாளி கடைசிச் சம்பளத்தை நிறுத்திவைப்பார். அது சட்டப்படி நடப்பது. ஆகவே கடைசி மாதச் செலவுக்குத் தனியாகப் பணம் வைத்திருங்கள். சிங்கப்பூர் முதலாளிக்காக ஜொகூர் வீட்டிலிருந்தே வாரத்தில் சில நாள் வேலை செய்யும் ஏற்பாடு இருந்தால், அந்த நாட்களின் ஊதியம் மலேசிய வருமானமாகக் கருதப்படக்கூடும். உள்நாட்டு வருமான வரி வாரியத்தில் கேட்டுத் தெளிவுபடுத்திய பிறகே அந்த ஒப்பந்தத்துக்குச் சம்மதியுங்கள்.